கிளைடர் உரிமத்துக்குப் படிப்பவர்கள் எந்த நாட்டுச் சட்டத்தைப் படிக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்து, வடக்கே நடந்த ஒரு முகாமில், என்ஜின் இல்லாத விமானமாகிய கிளைடரை ஓட்டக் கற்றேன். இதை அறிந்த என் பழைய மாணவி ஒருவர், இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவர், சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார். புணேயை அடுத்த ஹடப்ஸரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, அதாவது டிஜிசிஏ-வுக்கு, சொந்தமான கிளைடிங் மையம் இருப்பதைக் கேள்விப்பட்டதிலிருந்து கிளைடர் விமானி உரிமம் பெற வேண்டும் என்பது அவர் ஆசை. இணையவழிப் பயிற்சி நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கட்டி, அவர்கள் அனுப்பிய வினா விடைத் தொகுப்பை அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மஞ்சள் மையால் கோடிட்டுப் பாதிக்கு மேல் மனப்பாடமும் செய்திருந்தார்.

தொகுப்பைப் புரட்டியபோது ஒரு கேள்வியில் என் விரல் நின்றது. மது அருந்தியவர் எத்தனை மணி நேரம் கழிந்த பின் விமானத்தை இயக்கலாம் என்பது கேள்வி. 8 மணி நேரம் என்பது விடை. நம் நாட்டின் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 24-ஆம் விதி 12 மணி நேரம் என்கிறது. நான் அதைச் சொன்னதும், "புக்ல எட்டுன்னு தான் சார் போட்டிருக்கு" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் மீது தவறில்லை. அந்தத் தொகுப்பில் இருந்தவை அனைத்தும் அமெரிக்க விதிகள். அது எந்த நாட்டுக்கானது என்ற ஒரு வரி முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை எங்கும் இல்லை. நம் மாவட்டத்தில் இதே ஆசையோடு இருக்கும் பிள்ளைகளும் அவர்களுக்காகப் பணம் கட்டும் பெற்றோரும் இதை அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அமெரிக்க விதிகளை நான் குறை கூறவில்லை. அவர்களுடைய கூட்டாட்சி விதித் தொகுப்பின் 61-ஆம் பகுதி உரிமம் பெறும் தகுதிகளையும் 91-ஆம் பகுதி பறக்கும் முறைகளையும் தெளிவாகவே வகுத்துள்ளன, அந்நாட்டு மாணவர் அவற்றைத்தான் படிக்க வேண்டும். ஆனால், அங்கே 14 வயதில் கிளைடரில் தனியாகப் பறக்கத் தொடங்கலாம், கிளைடர் விமானிக்கு மருத்துவச் சான்றிதழே தேவையில்லை என்று படித்துவிட்டு நம் பிள்ளை விண்ணப்பிக்கப் போனால் என்ன ஆகும்? இங்கே மாணவர் விமானி உரிமத்துக்கே 16 வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் உரிமங்களைப் பற்றியதான முதலாம் இணைப்பு, கிளைடர் விமானிக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவத் தகுதியைக் கட்டாயமாக்குகிறது. கண் பார்வையிலோ காதுகேட்கும் திறனிலோ குறை இருப்பது பணமும் ஓராண்டும் செலவான பிறகு தெரியவருவதை விட, முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுவது நல்லதல்லவா?

இன்னொன்றும் அந்தத் தொகுப்பில் என்னை உறுத்தியது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டும் உயரமானியில் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில், 29.92 என்று வைக்கச் சொல்கிறது. நம் நாட்டில் கட்டுப்பாட்டுக் கோபுரம் அழுத்தத்தை ஹெக்டோபாஸ்கலில்தான் சொல்லும், அந்த 29.92-க்கு இணையான எண் இங்கே 1013.25. எந்த உயரத்துக்கு மேல் அனைவரும் இந்தப் பொது அழுத்தத்துக்கு மாற வேண்டும் என்பது அமெரிக்கா முழுவதும் 18,000 அடி என ஒரே எண்ணாக இருக்கிறது. இங்கே அது விமான நிலையத்துக்கு விமான நிலையம் வேறுபடும், அதைவிட மிகவும் குறைவாகவும் இருக்கும். உயரத்தைத் தப்பாகக் கணக்கிடும் மாணவருக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண் போகலாம். வானில் அதே தவறு வேறொருவரின் பாதையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தும்.

அப்படியானால் எதைப் படிப்பது? அடித்தளம் பாரதிய வாயுயான் அதினியம், 2024. தொண்ணூறு ஆண்டுகள் நடைமுறையில் இருந்த 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்கு மாற்றாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது இது. ரேடியோ தொலைபேசி இயக்கும் உரிமம் வழங்கும் பொறுப்பைத் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து டிஜிசிஏ-விடம் மாற்றியதும் இந்தச் சட்டமே. பழைய குறிப்பேட்டை வைத்துப் படிப்பவர்கள் இதில் தவறிவிடுவார்கள். சட்டத்துக்கு அடுத்தபடியாக 1937-ஆம் ஆண்டு விமான விதிகளை, குறிப்பாக உரிமங்களைப் பற்றிய அதன் இரண்டாம் அட்டவணையைப் படிக்க வேண்டும். அதற்கும் கீழே டிஜிசிஏ வெளியிடும் 'சிவில் விமானத் தேவைகள்' என்ற விதிமுறைகள் இருக்கின்றன. விமானிகளின் தகுதி பற்றியது அதில் ஏழாம் பிரிவு. இவை எல்லாவற்றுக்கும் மூலம் 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையும் அதன் இணைப்புகளும். உரிமத்துக்கு முதலாம் இணைப்பு, பறக்கும் விதிகளுக்கு இரண்டாம் இணைப்பு. கிளைடர் உரிமத்துக்குக் குறைந்தது 16 வயது, 6 மணி நேரப் பறத்தல், அதில் 2 மணி நேரம் தனியாக, அந்த நேரத்துக்குள் 20 ஏவுதல்களும் இறங்குதல்களும் என்பது முதலாம் இணைப்பு கூறும் உலகளாவிய அளவு. இதற்கு மேலும் கேட்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. அமெரிக்கா 10 மணி நேரம் கேட்கிறது.

விதிகளை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடாமல் காரணத்தோடு படிக்க வேண்டும் என்று வகுப்பறையில் நியூட்டன் விதிகளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். வழிவிடும் விதியை எடுத்துக்கொள்வோம். என்ஜின் உள்ள விமானம் ஆகாயக் கப்பலுக்கும் (வாயுவால் மிதந்து என்ஜினால் நகரும் கலம்) கிளைடருக்கும் பலூனுக்கும் வழிவிட வேண்டும். ஆகாயக் கப்பல் கிளைடருக்கும் பலூனுக்கும் வழிவிட வேண்டும். கிளைடர் பலூனுக்கு வழிவிட வேண்டும். வரிசையை மனத்தில் ஏற்றுவது எளிது. தன்னை நகர்த்திக்கொள்ளும் திறன் யாருக்குக் குறைவோ அவருக்கு மற்றவர் விலக வேண்டும் என்ற நியாயம் புரிந்துவிட்டாலோ, அந்த வரிசை மறக்கவே மறக்காது. பலூன் காற்று போகும் திசையில்தான் போகும். கிளைடர் திரும்பும், ஆனால் இழந்த உயரத்தைத் தன் விருப்பப்படி மீட்க அதனால் முடியாது. இன்னொரு விமானத்தை இழுத்துச் செல்லும் விமானத்துக்கு மற்ற என்ஜின் விமானங்கள் வழிவிட வேண்டும் என்பதும் இதே நியாயத்தின் தொடர்ச்சிதான், ஏனெனில் அதன் பின்னால் கயிற்றின் மறுமுனையில் ஒரு கிளைடர் தொங்கிக்கொண்டு வருகிறது.

இரண்டு கிளைடர்கள் எதிரெதிரே வந்தால் இரண்டும் வலப்புறம் விலக வேண்டும். குறுக்கே வந்தால், தன் வலப்பக்கம் மற்றவரைக் காண்பவர் வழிவிட வேண்டும். இறங்கும்போது கீழே இருப்பவருக்கே முதலிடம், ஆனால் அந்த முதலிடத்தைப் பயன்படுத்திக் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒருவரின் முன்னால் குறுக்கே புகக் கூடாது என்றும் அதே விதி சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பின்பாதியைப் பல குறிப்பேடுகள் விட்டுவிடுகின்றன. வழிவிடப் பெறும் உரிமை உள்ளவருக்கும் மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு நீங்குவதில்லை என்பதையும் விட்டுவிடுகின்றன.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். முகாமில் எங்களை, வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச் எந்திரத்தால் வானில் ஏவினார்கள். நீண்ட இரும்பு வடத்தின் ஒரு முனை வின்ச்சின் உருளையில், மறுமுனை கிளைடரின் அடியில் கொக்கியில். மூக்கு மேல்நோக்கிச் செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கையில் ஒரு நாள் 'டப்' என்ற சத்தத்தோடு வடம் அறுந்தது. பின்னால் ஆசிரியர் இருந்தார், பேசவில்லை. கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தினேன், வேகமானி முள் திரும்ப ஏறும் வரை காத்தேன், மஞ்சள் நிறக் குமிழை இரண்டு முறை இழுத்து மிச்ச வடத்தை விடுவித்தேன், முன்னால் இருந்த களத்திலேயே நேராக இறங்கினேன். கிளைடர் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்ட, கண்ணாடிக் கூண்டின் மேல் ஒட்டியிருந்த கம்பளி நூல் நடுவில் நேராக நிற்கிறதா என்று அந்தக் கணத்திலும் என் கண் பார்த்தது. அப்போது யோசிக்க நேரம் இல்லை. இத்தனை அடிக்குக் கீழே அறுந்தால் நேரே இறங்கு, அதற்கு மேல் என்றால் மட்டும் திரும்பு என்று அந்த மையத்தின் இயக்க விதியில் எழுதியிருந்ததை ஒவ்வொரு ஏவுதலுக்கு முன்பும் வாய்விட்டுச் சொல்ல வைத்திருந்தார்கள். கை அதைச் செய்து முடித்தது. அப்படி உடம்பில் இறங்கும் வரை படிப்பதுதான் விதியைப் படிப்பது.

கோபுரத்திலிருந்து காட்டப்படும் விளக்குச் சைகைகளையும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் ரேடியோ இல்லாமலோ அது பழுதாகியோ பறக்கும் கிளைடருக்கு அவைதான் பேச்சு. வானில் இருப்பவருக்கு நிலையான பச்சை இறங்க அனுமதி. நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. விட்டுவிட்டுத் தெரியும் சிவப்பு என்றால் நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. இவை அமெரிக்காவிலும் இதே பொருளில் உண்டு. ஆனால் விட்டுவிட்டுத் தெரியும் வெள்ளை, சர்வதேச விதிப்படி, இந்த நிலையத்திலேயே இறங்கி நிறுத்துமிடத்துக்குச் செல் என்ற ஆணை. என் மாணவியின் தொகுப்பிலோ, அமெரிக்க வழக்கப்படி, வானில் அதற்குப் பொருளே இல்லை என்று அச்சாகியிருந்தது. தரையில் சைகைப் பகுதியில் இரட்டை வெள்ளைச் சிலுவை விரிக்கப்பட்டிருந்தால் அங்கே கிளைடர்கள் பறந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். இந்த ஒன்றை ஒவ்வொரு கிளைடர் மாணவரும் வரைந்து பழக வேண்டும்.

நம் பகுதியின் வானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் வேலூரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகள் சூடேறி, மேலெழும் காற்றில் சிறகசைக்காமல் பருந்துகள் வட்டமிடுவதைக் கோட்டை மைதானத்தில் நின்று பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டார்கள். கிளைடருக்கும் அதே காற்றுதான் ஏணி. ஏலகிரியில் பாராகிளைடிங் பார்த்த பிள்ளைகள் அதையும் கிளைடரையும் ஒன்றாக நினைக்கிறார்கள். துணிச் சிறகில் தொங்குவது வேறு, பதிவு எண்ணும் பறக்கும் தகுதிச் சான்றும் பெற்ற விமானமாகிய கிளைடர் வேறு, இரண்டுக்கும் விதிகளும் வேறு. அப்துல்லாபுரத்தில் நமக்கு விமானத்தளம் இருக்கிறது என்பதால் அதற்கு மேலே உள்ள வானம் யாரும் கேட்காத வானம் என்று எண்ணிவிடவும் கூடாது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் அரக்கோணத்தில் 1992 மார்ச் 11 அன்று தொடங்கப்பட்ட ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத்தளம் இருக்கிறது, சென்னையும் பெங்களூரும் நமக்கு இருபுறமும் இருக்கின்றன. தடை, கட்டுப்பாடு, ஆபத்து என மூவகை வான்பகுதிகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். தென்னிந்தியாவில் உள்ளவற்றின் பெயர் 'விஓ' என்ற எழுத்துகளில் தொடங்கும். அவற்றை அடையாளம் காணவும், பறக்கும் நாளன்று 'நோட்டம்' எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பைப் படிக்கவும் தெரியாதவர், தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்திருந்தாலும் அன்று களத்துக்குப் போகக் கூடாது.

தங்கள் நாளிதழ் வழியாக மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். பயிற்சிக் குறிப்புகள் விற்பவர்கள், அவை எந்த நாட்டின் எந்த ஆண்டு விதிகளின்படி தொகுக்கப்பட்டவை என்பதை அட்டையிலேயே அச்சிட வேண்டும். டிஜிசிஏ தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கும் விமான விதிகளையும் சிவில் விமானத் தேவைகளின் ஏழாம் பிரிவையும் வேலூர் மாவட்ட மைய நூலகம் அச்செடுத்து, திருத்தம் வரும்போதெல்லாம் புதுப்பித்து, போட்டித் தேர்வு நூல்கள் இருக்கும் பகுதியில் வைக்க வேண்டும். கல்வி மலரில் வாரம் ஒரு விதி என்ற அளவிலாவது, எளிய தமிழில், காரணத்தோடு விளக்கும் பத்தி ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் இருக்கலாம், ஆனால் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு நியாயம் முதலில் தமிழில்தான் புரியும். அந்தப் பத்திக்கு எழுதவோ திருத்தித் தரவோ ஊதியமின்றி நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அந்த மாணவி இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார். பழைய தொகுப்பின் பின்பக்க வெற்றுத் தாள்களில் இந்திய விதிகளைத் தம் கையால் எழுதி வருகிறார். சென்ற வாரம் 24-ஆம் விதியை முடித்தோம், வரும் வாரம் இரண்டாம் அட்டவணை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.