வெங்காயம் நன்றாகக் காய்ந்துவிட்டது, உங்களுக்கு நன்றி

என் தோட்டத்து வெங்காயத்துக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

போன முறை விளைந்ததில் பாதிக்கு மேல் அழுகிப்போனது உங்களுக்குத் தெரியும். பிடுங்கிய கையோடு மண் போகக் கழுவி, ஈரம் காயாமலே சாக்கில் கட்டிவைத்தேன். இந்த முறை 3 வாரம் தாழ்வாரத்தில் பரப்பிக் கிடந்ததில் கெட்டது நான்கே நான்குதான். அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி அடுத்த வீட்டு அக்காவுக்கு. தாள் பாதிக்கு மேல் சாய்ந்த பிறகும் நான் தினமும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "போதும்மா, இனிமே தண்ணி காட்டாதே" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தடுத்தீர்கள். தாளும் வெங்காயமும் சேரும் கழுத்தில் ஈரம் நின்றால் அழுகல் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்குமாம். அன்று நீங்கள் ஒரு வெங்காயத்தின் கழுத்தை இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினீர்கள். உள்ளே அடுக்குகள் வழுக்கின. மூன்றாவது வாரம் நானே அதேபோல் நசுக்கிப் பார்த்தேன். சருகுபோல் சரசரத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் உங்களைக் கூப்பிட ஓடிவந்தது இதனால்தான் அக்கா.

அப்புறம், அறுவடையன்று வந்த தம்பி. தாளைப் பிடித்து இழுக்காமல், பக்கத்தில் மண்ணைக் கிளறிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தாய். கூடையில் வீசப்போன பிள்ளைகளை நிறுத்தி, "முட்டைன்னு நினைச்சுக்கோங்க" என்று சொன்னாய். அடிபட்ட வெங்காயம் சேமிப்புக்கு ஆகாது என்று எனக்கு அதுவரை தெரியாது. கடைசி வரை முட்டையாகவே நினைத்துச் சுமந்த பிள்ளைகளுக்கும் நன்றி.

பெரியப்பா, பூத்தண்டு விட்டவற்றையும் கழுத்து தடித்தவற்றையும் தனியாகப் பிரித்துக் கொடுத்தீர்கள். "இதை முதல்ல சமைச்சுத் தீர்த்துடு, நாள்பட நிக்காது" என்றீர்கள். அப்படியே செய்தேன். நடுவில் இருந்த கட்டைத் தண்டை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை மெல்லிய தீயில் பொன்னிறமாக வதக்கினேன். வீட்டு வெங்காயத்தின் இனிப்பு அவசரமில்லாத தீயில்தான் வெளியே வருகிறது. சேமிக்க எடுத்துவைத்ததில் சிறியவைதான் கல்லுமாதிரி இறுகி நிற்கின்றன, பெரியவற்றைவிட அவற்றையே நான் நம்புகிறேன்.

தங்கைக்கு ஒரு வார்த்தை. நறுக்கும் முன் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வை, கத்தியைத் தீட்டிக்கொள் என்றாய். வெட்டும்போது உடையும் செல்களிலிருந்து உருவாகும் வாயுதான் கண்ணைக் கரிக்கிறது, குளிரில் அது குறையும் என்று விளக்கமும் சொன்னாய். ஒரு கூடை வெங்காயத்தை நறுக்கினேன், கண் லேசாகத்தான் கலங்கியது.

காய்ந்த தாளோடு பின்னிய சரங்கள் காற்றோட்டமான அறையில் தொங்குகின்றன, உருளைக்கிழங்குக் கூடையை அங்கிருந்து நகர்த்திவிட்டேன். ஆளுக்கொரு சரம் எடுத்துவைத்திருக்கிறேன். இந்த வாரத்துக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.