சருகை எரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருப்பது என்ற பெயரில் உதிர்ந்த இலைகளை எரிப்பதும், கண்ணில் படும் பூச்சிகளையெல்லாம் மருந்தடித்துக் கொல்வதும் வழக்கமாகிவிட்டதைக் கண்டு வருந்தியே இக்கடிதத்தை எழுதுகிறேன். மண்புழுவும் மரவட்டையும் அந்தச் சருகுக்கடியில்தான் வாழ்கின்றன. அவற்றைத் தேடித்தான் பறவைகள் வருகின்றன. உலகில் அறியப்பட்டுள்ள 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல், தனித்தனியே மண்ணிலும் காய்ந்த தண்டுகளிலும் கூடு அமைப்பவை என்பதால், தோட்டத்தின் ஒரு மூலையைக் கொத்தாமலும் சிமெண்ட் பூசாமலும் விட்டுவைப்பதே அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி. சருகை எரிக்காதபோது அந்தப் புகை நம் நுரையீரலுக்குள்ளும் போவதில்லை.

பறவைகளுக்கு ஆழமில்லாத தட்டில் நீர் வைப்போர் அதை நாள்தோறும் மாற்ற வேண்டும். தேங்கிய நீரில் இடப்பட்ட கொசு முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே கொசுவாகிப் பறந்துவிடும். இரவில் வெளிவிளக்கை அணைத்தால் விட்டில் பூச்சிகள் வழிதவறுவதில்லை, நம் உறக்கமும் கெடுவதில்லை.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மண் கொத்துவதும், நீர் சுமப்பதும், களை பிடுங்குவதும் அந்தக் கணக்கில் சேரும். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்ல மனம் ஒப்பாத முதியோருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், டெட்டனஸ் தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுக்கொள்வதும் அவசியம்.

பூச்சிக்கொல்லி இல்லாத தோட்டப் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்