ரூஷ்ஹவுஸ் அரண்மனை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த ஜேர்மனிப் பயணக் கட்டுரையை வாசித்தேன். கவிஞர் அனெட்டே ஃபொன் ட்ரோஸ்டெ-ஹுல்ஸ்ஹோஃப் பற்றித் தமிழில் இரண்டு பக்கம் வந்ததே பெரிய காரியம், நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் 'கலியாணக் கவலையும் இல்லை, காசுக் கவலையும் இல்லை, அரண்மனையில் பாட்டெழுதியே வாழ்ந்து முடித்தார்' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. கட்டுரையாளர் பேருந்தை விட்டு இறங்கினாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

கட்டுரையோடு 'அரண்மனை' என்று நீங்கள் போட்ட படத்தில் இருப்பது மூன்ஸ்டர் பக்கத்து ரூஷ்ஹவுஸ். கட்டடக் கலைஞர் ஷ்லவுன் 18ஆம் நூற்றாண்டில் தனக்கென்று கட்டிய பண்ணை வீடு. முன்வாசலால் நுழைந்தால் தானியக் கதிர் அடிக்கும் கூடம், இரு பக்கமும் மாட்டுத் தொழுவம். தோட்டத்துப் பக்கம் நின்று பார்த்தால் மட்டும் மாளிகை மாதிரித் தெரியும். உங்கள் படம் எந்தப் பக்கம் எடுத்தது என்று சொல்லவும் வேண்டுமா?

அனெட்டே 1797இல் பிறந்தது ஹுல்ஸ்ஹோஃப் கோட்டையில்தான். 1826இல் தகப்பனார் இறந்ததும் கோட்டையும் காணியும் தம்பிக்குப் போயின. ஆம், தம்பிக்கு. அக்கா யென்னியும் அனெட்டேயும் அவருக்கு மூத்தவர்கள். தாயோடு சேர்த்து இருவரும் இந்தப் பண்ணை வீட்டுக்கு வந்தார்கள். இந்த வெஸ்ட்பாலியா வட்டாரத்துப் பிரபு வீடுகளில் சொத்தைப் பிரிப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மகன் ஒருவனுக்கே முழுக் காணி. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சீதனம், கட்டாத பெண்ணுக்கு வருடப்படி.

இன்னொரு வழியும் இருந்தது. பிரபு குலப் பெண்களுக்கென்றே மடங்கள். சேர வேண்டுமானால் முன்னோர் 16 பேரும் குலம் கோத்திரம் உள்ளவர்கள் என்று காட்ட வேண்டும். துறவு என்று நினைத்துவிடாதீர்கள். வருமானம் உண்டு, மனம் மாறினால் விலகிப்போய்க் கலியாணமும் செய்யலாம். 1803க்குப் பிறகு அரசுகள் திருச்சபைச் சொத்துகளை எடுத்துக்கொண்டபோது இவற்றில் பலவும் மூடப்பட்டன. புதுயுகம் பிறந்தது என்று எல்லோரும் கொண்டாடுகிற அதே காலம். தம்பிமாரின் காணிக்கு ஒன்றும் ஆகவில்லை. லூனபுர்க் பக்கத்து ஆறு மடங்களைப் போலச் சில தப்பி இன்றும் நடக்கின்றன, அந்த ஆறிலும் இப்போது குலம் கேட்பதில்லை.

சரி, பாட்டெழுதியே வாழ்ந்தாராம். நோயாளிச் சொந்தக்காரரைப் பார்க்க யார் போவது? கலியாணமாகாத அனெட்டே. அக்கா பிள்ளைகளோடு இருப்பது யார்? அவரேதான். தனக்குப் பாலூட்டிய நெசவுக்காரக் கிழவியையும் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டார். 1838இல் முதல் புத்தகம் வந்தபோது குடும்பப் பெயரை முழுதாகப் போடவில்லை, இரண்டு எழுத்தும் புள்ளிகளும்தான். விற்றது 74 பிரதி. 1843இல் மேர்ஸ்பூர்க்கில், கொன்ஸ்டான்ஸ் ஏரிக்கு மேலே திராட்சைத் தோட்டத்தோடு ஒரு சின்ன வீட்டை ஏலத்தில் எடுத்தார். அடுத்த புத்தகத்துக்கு வரப்போகும் காசை நம்பி எடுத்த வீடு. சொந்த உழைப்பில் ஒரு கூரை! கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. 1820இல் முறிந்த காதலுக்கு மட்டும் மூன்று பத்தி.

உங்கள் இதழுக்கு இது புதிதும் இல்லை. சாதனைப் பெண்கள் பகுதியில் விஞ்ஞானியைப் பேட்டி கண்டாலும் கடைசிக் கேள்வி ஏன் தனியாக இருக்கிறீர்கள் என்பதுதான். முன்பொரு முறை இதைச் சுட்டி எழுதினேன். 'இதழ் அருமை' என்ற ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்துப் போட்டீர்கள். பெருந்தன்மைக்கு நன்றி.

நான் கலியாணம் செய்யாதவள். மூன்ஸ்டரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அங்கே, அன்று ஜேர்மனியின் கிழக்கில் இருந்த சிலேசியாவிலிருந்து 1945இல் ஓடிவந்த ஒரு சீமாட்டி இருந்தார். வாழ்நாள் முழுவதும் தாதியாக உழைத்தவர். 'அண்ணனுக்குக் காணி, எனக்கு விருந்தாளி அறை' என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 1919இல் பிரபுக்களின் சலுகைகளைச் சட்டம் ஒழித்தது, பட்டம் வெறும் பெயரின் பகுதியாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சீமாட்டி வீட்டில் விருந்தாளி அறை விருந்தாளி அறையாகவே இருந்திருக்கிறது. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சம்பளத்தில் தம்பிமாரை வெளிநாட்டுக்கு எடுத்தோம், தங்கைக்குச் சீதனம் கொடுத்தோம். அந்தத் தங்கை மகளின் கலியாணத்தில் ஆலாத்தித் தட்டைத் தூக்கப் போனேன், 'நீங்கள் விடுங்கோ அக்கா' என்று வாங்கிக்கொண்டார்கள். மொய்க் கணக்கு எழுத மட்டும் என்னைத் தேடினார்கள். காசென்றால் நான் ராசியானவள் போலும்.

1992இலிருந்து யூரோ வரும்வரை ஜேர்மனியின் 20 மார்க் நோட்டில் இருந்தது இதே அனெட்டேயின் முகம். காசுக் கவலை இல்லாதவர் என்று எழுத உங்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. படத்தின் கீழே 'அரண்மனை' என்று போட்டதைப் 'பண்ணை வீடு' என்று அடுத்த இதழில் திருத்துங்கள். மேர்ஸ்பூர்க் வீட்டை அவர் தன் எழுத்துக் காசை நம்பி வாங்கினார் என்று ஒரு வரி சேருங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்கித்தான் போடுவீர்கள். அப்படியானால் ஆலாத்திக் கதையை வெட்டுங்கள், வீடு வாங்கிய கணக்கில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
மூன்ஸ்டர், ஜேர்மனி