எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சோதனை முடிவு எங்கே?

மாசுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மாசி மாதம் எங்கள் தெருவுக்கு ஜீப்பில் வந்தீர்கள். கிணற்றில் இறைத்து இரண்டு பாட்டிலில் பிடித்து, மேலே பேனாவால் எண் எழுதிக் கொண்டுபோனீர்கள். வெயிலுக்கு மோர் கொடுத்தேன். “கேன் தண்ணியில கரைச்சதுதானேம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தீர்கள். ஐப்பசி பிறந்துவிட்டது. முடிவு வரவில்லை.

ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006இல் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக எங்கள் ஊரை அமெரிக்க அமைப்பொன்று சேர்த்தபோது என் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். போன மாதம் அவள் பிரசவத்துக்கு வந்தாள். கிணற்று நீரைக் குடத்தில் பிடித்தால் லேசான மஞ்சள். பிள்ளையைக் குளிப்பாட்ட 35 ரூபாய் கேனைத்தான் அண்டாவில் ஊற்றிக் காய்ச்சினோம். பார்க்க வந்த சம்பந்தியம்மா குடத்தை எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரமே தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போய்விட்டார்கள். மூன்று மாதம் தாய்வீட்டில் இருக்க வேண்டியவள்.

அந்தக் கழிவில் இருக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு வகைக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இலேயே முதல் வகுப்பில் வைத்துவிட்டது. மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து என்பது உறுதி. தண்ணீரில் போனால்? ஆய்வில் அந்தத் தண்ணீரைக் குடித்த எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டி வந்தது. மனிதர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

என் மாமனார் அந்த ஆலையில் மூட்டை தூக்கியவர். நுரையீரல் புற்றுநோயில் போனார். “பீடி பிடிப்பாரா?” என்றார் உங்களில் ஒருவர். பிடிப்பார், நாளுக்கு ஒரு கட்டு. எதனால் வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பீடிக்கட்டின் மேல் படம் போட்டாவது எச்சரிக்கிறார்கள், ஐயா. எங்கள் கிணற்றின் மேல் ஒரு பலகைகூட இல்லை.

தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்கக் கூடாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது எங்கள் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் மீதான வழக்கில்தான். சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்கிறார்களாம். நாங்கள் இன்னும் கேன்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறோம். பிளாஸ்டிக்கை விட்டு மஞ்சப்பை எடுங்கள் என்று அரசு சொல்கிறது. எடுக்கிறோம். மஞ்சளுக்கு எங்களிடம் பஞ்சமா? என்ன, பிளாஸ்டிக் கேனைத்தான் விட முடியவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கழிவை நாளைக்கே அள்ளுங்கள் என்று இந்த மடலில் நான் கேட்கவில்லை. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு அளவு. எங்கள் கிணற்றில் எவ்வளவு? அந்த ஒரு எண்ணைத் தமிழில், எழுத்தில், கையெழுத்தோடு தாருங்கள். பாட்டில் தொலைந்துபோயிருந்தால் அதையும் சொல்லிவிட்டு மறுபடி வாருங்கள், தண்ணீர் தருகிறோம். பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
மோர் கொடுத்த வீட்டுக்காரி