காப்புக்கு அனுப்பிய காசு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்கு நல்லூரானை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் நீ வேலை அவசரத்தில் இருப்பாய், எனக்கும் தொண்டை அடைத்துவிடும். அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

என்னுடைய 60 ஆவது பிறந்தநாளுக்குக் காப்புச் செய்யச் சொல்லி நீ அனுப்பின காசில் 500 டொலரை, போரால் மனம் உடைந்த தங்கள் சனத்தின் மனநலத்துக்கென்று உக்ரெய்ன்காரர் காசு சேர்த்த இசை நிகழ்ச்சியில் கொடுத்துவிட்டு வந்தேன் என்று சொன்னபோது நீ கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டாய். "அந்தச் சனத்துக்குக் கூரை இல்லை, கறண்ட் இல்லை. மருந்துக்கோ ஜெனரேற்றருக்கோ குடுத்திருக்கலாமே அம்மா. மனநலத்துக்கு எண்டு குடுத்து என்ன பிரயோசனம்?" நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்ல வரவில்லை. இரண்டு கிழமையாக அந்தக் கேள்வியோடுதான் சமைக்கிறேன், படுக்கிறேன், பஸ் ஏறுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்க நாங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது உனக்கு மூன்று வயது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் நின்றோம். முன்னுக்கும் சனம், பின்னுக்கும் சனம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஏழு குடும்பத்தோடு இருந்தோம். அரிசி தந்தார்கள், பருப்புத் தந்தார்கள், தறப்பாள் தந்தார்கள், உனக்குப் பால்மா தந்தார்கள். தந்தவர்களை இன்றைக்கும் கும்பிடுகிறேன். ஆனால் உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் வாய் திறந்திருக்கமாட்டோம். எங்களிடம் அதற்கு இருந்தது ஒரேயொரு சொல், விசர். அந்தச் சொல் ஒரு வீட்டில் விழுந்தால் அந்த வீட்டுப் பெட்டைக்குக் கலியாணமும் நடக்காது. மனவடு, உளவளத்துணை என்ற சொற்களெல்லாம் என் காதில் விழ எத்தனையோ வருசம் சென்றது.

அப்பா பாடுபட்டது உனக்கும் தெரியும். ஆனால் நீ தெரிந்துகொண்ட விதம் வேறு. நாங்கள் ரொறொன்ரோவுக்கு வந்து பார்க்டேலில் பதினாலாம் மாடியில் இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வருசமும் தொழிலாளர் தின விடுமுறையில் ஏரிக்கு மேலே விமானச் சாகசம் காட்டுவார்கள். வந்த முதல் வருசம், ஜெட் ஒன்று தாழப் போனதும் அப்பா உன்னை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே போனார். நீ விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாய். அவருடைய கை உன் தலையை அமத்திப் பிடித்தபடி இருந்தது. சத்தம் நின்று அரை மணித்தியாலமாகியும் அந்தக் கையை எடுக்கவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்தேன். அடுத்த வருசத்திலிருந்து அந்த மூன்று நாளும் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் காருக்குள் போய் இருந்துவிடுவார். நான் சோற்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதைப்பற்றி நாங்கள் மூன்று பேரும் ஒருநாளும் கதைத்ததில்லை. நீ பெரியவனானதும் 'அப்பா கதைக்கமாட்டார், அவற்ற சுபாவம் அப்பிடி' என்று சொல்லத் தொடங்கினாய். அவருடைய சுபாவம் அப்படியில்லை, மகன். கலியாணம் கட்டின புதிதில் என்னை நித்திரை கொள்ளவிடாமல் விடிய விடியக் கதைத்த மனிசன் அவர்.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். முதியோர் இல்லத்தில் என்னோடு இரவு வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி உக்ரெய்னின் சப்போரிஷியாவிலிருந்து வந்தவள். உன் வயதுதான். அவள்தான் ரிக்கற் தந்தாள். நகரத்தின் மேற்குப் பக்கம், புளூர் வீதிக்குக் கிட்ட, தேவாலயமொன்றின் கீழ் மண்டபம். எங்கள் கோயில் மண்டபம் போலவே மடக்குக் கதிரைகள், பின்னுக்குச் சமையல் வாசம், ஓடித் திரிகிற பிள்ளைகள். அப்பா வரமாட்டேன் என்றுதான் நின்றார். அன்று பனி கொட்டினபடியால் என்னைத் தனியே விட மனமில்லாமல் வந்தார்.

முதலில் பெண்கள் பன்னிரண்டு பேர் பந்தூராவோடு வந்து இருந்தார்கள். பந்தூரா என்பது அவர்களுடைய வாத்தியம். வீணையை நிமிர்த்தி மடியில் வைத்தது போல இருக்கும், ஆனால் ஐம்பது அறுபது தந்தி. அதற்குப் பிறகு ஒரு பொடியன் தனியே வந்தான். அவனிடம் இருந்தது பழைய மாதிரிப் பந்தூரா. இருபது சொச்சம் தந்திதான், மரமும் மங்கல். அதை வைத்துக்கொண்டு அவன் ஒரு 'தூமா' பாடினான். கொசாக்குகள் என்ற பழைய உக்ரெய்ன் போர்வீரர்களின் காலத்துப் போர்களையும் சிறைபட்டவர்களையும் பற்றிய நீண்ட பாட்டுகளை அப்படிச் சொல்வார்கள். தாளக்கட்டு இல்லை. மூச்சு எவ்வளவு தூரம் போகிறதோ வரியும் அவ்வளவு தூரம் போகும். தொடக்கத்தில் 'ஓய்' என்று ஒரு நீட்டல் வரும். அழுகையை அடக்கிக்கொண்டு கதை சொல்லத் தொடங்குகிறவரின் குரல். செத்தவீட்டில் அவர்கள் பாடுகிற ஒப்பாரியிலிருந்துதான் இந்த வகைப் பாட்டு வளர்ந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அம்மம்மா ஒப்பாரி வைக்கத் தொடங்குமுன் இழுக்கிற அந்த முதல் இழுவை எனக்குத் தெரியும்.

முந்தின காலத்தில் இதைப் பாடித் திரிந்தவர்கள் கொப்சார்கள். அநேகம் பேர் கண் தெரியாதவர்கள். பார்வையில்லாத பிள்ளையை வீட்டார் ஒரு குருவிடம் விடுவார்கள். வருசக்கணக்காகப் பாட்டும் வாத்தியமும் தங்களுக்குள் மட்டும் பேசுகிற ஒரு மறைமொழியும் படித்த பிறகு, வழிகாட்ட ஒரு சின்னப் பிள்ளையோடு ஊர் ஊராகப் போவார்கள். சந்தையிலும் தேவாலய வாசலிலும் இருந்து பாடுவார்கள். சனம் சுற்றி நின்று அழும். அழுதுவிட்டு முட்டையோ ரொட்டியோ கொடுத்துவிட்டுப் போகும். சிகிச்சை என்று அன்று அதற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. ஸ்டாலின் காலத்தில் இந்த மரபை நெரித்துவிட்டார்கள். ஹ்னாத் ஹொத்கேவிச் என்று கார்கிவ் நகரத்தவர் ஒருவர், 1902 இல் கொப்சார்களைக் கூட்டி மேடையேற்றியவர், பந்தூராவுக்குப் பாடநூல் எழுதினவர். அவரை 1938 இல் சுட்டுக் கொன்றார்கள். அப்படி அறுந்த மரபைப் பிறகு ஒரு சிலர் திரும்பப் பிடித்துக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள். கீவில் உள்ள கொப்சார் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. படிக்க வருகிறவர் தன்னுடைய வாத்தியத்தைத் தானே செய்யவேண்டும். 2024 டிசெம்பரில் யுனெஸ்கோவும் இந்த மரபைக் காப்பாற்றும் வேலையை நல்ல முன்மாதிரிகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இந்த மரபைத் திரும்பப் பிடித்தவர்களில் தராஸ் கொம்பானிச்சென்கோ என்ற கொப்சார் 2022 இல் படையிலேயே சேர்ந்து, கூட நின்ற வீரர்களுக்குப் பாடினார்.

இடைவேளைக்கு முன் கார்கிவிலிருந்து வந்த உளவளத்துணையாளர் ஒருவர் கதைத்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த பெண், குரல் உயரவேயில்லை. அந்த நகரத்தில் 2022 மார்ச்சில், மேலே குண்டு விழுந்துகொண்டிருக்க, நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குள் இசைக் கலைஞர்கள் கச்சேரி செய்தார்கள். ஒளித்திருந்த சனம் பாய் படுக்கையோடு இருந்து கேட்டது. 'பாட்டு வருத்தத்தை மாற்றாது' என்று அவர் முதலே சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்தது அதனால்தான். பாட்டு என்ன செய்யும் என்றால், கூட்டிக்கொண்டு வரும். ஆலோசனைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் வராத கிழவி பாட்டுப் பாடக் கூப்பிட்டால் வருவாளாம். பயந்த உடம்பு மூச்சை நெஞ்சுக்கு மேலேயே பிடித்து வைத்திருக்கும். பாடினால் அதை நீளமாக விடத்தான் வேண்டும். நாலைந்து கிழமை சேர்ந்து பாடின பிறகு, ஒருத்தி தேத்தண்ணி குடிக்கேக்க, மகனைப் பற்றி ஒரு வசனம் சொல்லுவாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் காத்திருக்கிறோம் என்றார்.

அங்கேயும் எங்கள் கதைதான், மகன். சோவியத் காலத்தில் அரசை எதிர்த்துக் கதைத்தவர்களை மனநோயாளி என்று சொல்லி ஆசுப்பத்திரியில் அடைத்தார்கள். அதனால் மனநல வைத்தியர் என்றாலே வயதான ஆட்கள் கதவைச் சாத்துவார்கள். எங்கள் ஆட்கள் மனநோய் ஆசுப்பத்திரி உள்ள அங்கொடை என்ற பெயருக்குப் பயந்தது போல. அதை உடைக்கத்தான் ஜனாதிபதியின் மனைவி ஒலேனா செலென்ஸ்கா தொடங்கின தேசியத் திட்டத்துக்கு 'தி யாக்?' என்று பெயர் வைத்தார்கள். 'நீ எப்படி இருக்கிறாய்?' அவ்வளவுதான் அதன் அர்த்தம். நாடு முழுக்க அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஏனென்று உனக்கு இப்போது விளங்கும்.

2022 இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டில் 96 இலட்சம் பேருக்கு ஏதோவொரு உளநலப் பாதிப்பு இருக்கலாம் என்று கணித்தது. நாலில் ஒருவர். அத்தனை பேருக்கும் வைத்தியர் எங்கே? அதனால் ஊரில் உள்ள குடும்ப வைத்தியர்களையே பழக்குகிறார்கள். தாதியும் உளவியலாளரும் சேர்ந்த குழுக்கள் வீடு தேடிப் போகின்றன. 'பிள்ளைகளின் குரல்கள்' என்று ஒரு நிறுவனம் 2015 இலிருந்தே கிழக்கில் போர் கண்ட பிள்ளைகளோடு வேலை செய்கிறது. 7333 என்று ஒரு தொலைபேசி இலக்கம், முதலில் படையிலிருந்து திரும்பினவர்களுக்காகத் 2019 இல் தொடங்கினது, உயிரை மாய்க்க நினைக்கிறவர் எடுத்தால் கதைக்க ஆள் இருக்கும். இதற்கெல்லாம் சம்பளம் வேண்டும், பெற்றோல் வேண்டும். ஜெனரேற்றர் வாங்கிக் கொடுத்தால் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். ஒரு கிழவி ஒரு வசனம் சொன்னதைப் படம் எடுக்க ஏலாது. அதனால் இதற்குக் கொடுக்கிற ஆட்கள் குறைவு. நான் அந்தக் குறைவான பக்கத்துக்குக் கொடுத்தேன்.

கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழும்பி நின்றார்கள். கார்பாத்திய மலைப்பக்கத்து நாட்டார் பாட்டு. ஆற்றில் தாரா மிதந்து போகிறதென்று தொடங்கும். 2014 இல் கீவ் நகர மைதானத்தில் அரசை எதிர்த்துப் போராடிச் சுடப்பட்டவர்களை வழியனுப்பினபோது பாடினது. அதில் மகன் தாயிடம் சொல்கிறான், நான் அந்நிய மண்ணில் சாவேன், எனக்குக் குழி வெட்டப்போவது ஆர், முன்பின் தெரியாத சனம்தான் வெட்டும், உனக்குக் கவலையாக இராதா அம்மா என்று. கவலையில்லாமல் எப்படி இருக்கும், நீ என் நெஞ்சில் கிடந்த பிள்ளையல்லவா என்கிறாள் தாய். திரையில் இங்கிலிஷில் ஓடினது. நான் வாசித்து முடிக்கமுன் திரும்பிப் பார்க்கிறேன், அப்பா கதிரையில் இல்லை.

வெளியே போய்விட்டார் என்று பயந்து எழும்பினேன். வெளியே போகவில்லை. மேடைக்குப் பக்கத்தில் அந்தப் பழைய பந்தூரா வாங்கில் கிடந்தது. அதன் முன்னால் முழங்கால் மடித்து இருந்தார். பாட்டு முடிந்ததும் அந்தப் பொடியன் வந்தான். தொடலாமா என்று அப்பா கையால் கேட்டார். அவன் தூக்கி அவர் மடியில் வைத்தான். அப்பா தந்தியைத் தொடவில்லை. பின்பக்கம் திருப்பி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், பிறகு காதை வைத்துத் தட்டினார். ஊரில் பலா மரம் வாங்கப் போகும்போது தட்டிப் பார்க்கிற அதே தட்டு. "வாட் வுட்?" என்று கேட்டார். வில்லோ என்றான் அவன். ஒரே கட்டையைக் குடைந்து தானே செய்ததாம், மேற்பலகை மட்டும் ஸ்பிரூஸ். இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் அரைகுறை. ஆனால் இருபது நிமிசம் கதைத்தார்கள், மகன். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். உளியை எந்தப் பக்கம் பிடிப்பது, வெடிக்காமல் எத்தனை மாதம் காயவிடுவது, எல்லாம் கையால் காட்டிக் கதைத்தார்கள். போர்முனையிலிருந்து காயப்பட்டு வந்த பொடியன் என்று பிறகுதான் தெரிந்தது. அவனுடைய இடது காது கேட்காது. அப்பா அதை முதலே கவனித்து வலது பக்கம் மாறி இருந்திருக்கிறார்.

நான் பெட்டியில் காசைப் போட்டது அதற்குப் பிறகுதான்.

இனி ஒரு விசயம் உன்னிடம் கேட்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது "சாப்பிட்டீங்களோ அப்பா" என்று கேட்டுவிட்டு உடனே "அம்மாட்டக் குடுங்கோ" என்று சொல்லாதே. மருந்து போட்டாரா, நடக்கப் போனாரா என்பதையும் நான் சொல்கிறேன். நீ மரத்தைப் பற்றிக் கேள். அவர் அடுத்த தெருவில் விழுந்த வில்லோ மரத்தில் ஒரு துண்டை வெட்டிக் கராஜில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இன்னும் பச்சை, காய வருசம் எடுக்கும் என்கிறார். ஆனால் பொறுமையில்லை, பட்டையை உரிக்கத் தொடங்கிவிட்டார். நான் உன்னிடம் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. கேட்டுவிட்டுச் சும்மா இரு. இடையில் அவர் மௌனமாகிவிட்டால் போனை வைத்துவிடாதே. கொஞ்சம் பொறு.

காப்பு மிச்சக் காசுக்கு மெல்லியதாகச் செய்யலாம் என்று பத்தர் சொன்னார். எனக்கு அது போதும்.

இப்போது மணி எட்டரை. கராஜில் லைற் எரிகிறது. உளி சுரண்டுகிற சத்தம் இஞ்சை குசினிவரை கேட்கிறது. சோறு ஆறுகிறது, இன்னும் கூப்பிடவில்லை.

அன்புடன்,
அம்மா