கட்டில் விஷயமாக பாப்பாவுக்கு

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சாரல் இந்த வருஷம் நன்றாகப் பிடித்துக்கொண்டது, பட்டறையில் மரமெல்லாம் ஈரமாகக் கிடப்பதால் வேலை மெதுவாகத்தான் ஓடுகிறது. போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடியோவில் காட்டினாயே, அந்தக் கட்டில் விஷயமாக.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரன் கொடுத்த எல் சாவியையும் படம் போட்ட தாளையும் மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று அட்டைப்பெட்டிச் சாமானை ஒற்றை ஆளாக ஒரே நாளில் கட்டிலாக நிறுத்திவிட்டாய். இங்கே என்னிடம் வேலைக்கு வரும் பையன்கள் ரெண்டு பேர் சேர்ந்தாலும் அதைச் செய்ய ரெண்டு நாள் ஆக்குவார்கள். இழைப்புச் சுருளைக் கையில் மாட்டி வளையல் என்று காட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை நீ. உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் உன் உள்ளங்கைக் கொப்புளத்தைத்தான் பார்த்திருக்கிறாள், அதைப் பற்றியே பேசினாள்.

பெட்டிகளைக் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள், ஒவ்வொன்றாக நானே உள்ளே கொண்டுவந்தேன் என்றாய். மூன்றும் சேர்ந்து 60 கிலோவாவது இருக்கும். இனி அப்படித் தனியாகத் தூக்காதே. வீட்டில் யாராவது ஒரு ஆள்... சரி, அதை விடு.

8,499 ரூபாய்க்கு வாங்கியதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என்ன பலகை என்று நீ தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மரத்தூளையும் சிராயையும் பசை போட்டுச் சூட்டில் அமுக்கிச் செய்த பலகை, பார்ட்டிகிள் போர்டு. மேலே மரக்கோடு போட்ட தாள்தான் ஒட்டியிருக்கிறது. ஒரு ஆள் பாரத்தை நன்றாகவே தாங்கும். தண்ணீர்தான் அதற்கு எமன். ஒரு தடவை ஈரம் குடித்து உப்பிவிட்டால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது, விரலால் சுரண்டினாலே உதிரும். அதனால் தரை துடைக்கும்போது துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடை. வாளியைக் கட்டில் ஓரத்தில் வைக்காதே. சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறாய், நாலு விரல் தள்ளிப் போடு. தரையோடு இழுக்காதே, இழுத்தால் பலகைகளை இணைக்கிற பூட்டெல்லாம் இளகிவிடும். மெத்தையையும் அதன் கீழே உள்ளறையில் இருக்கிற சாமானையும் எடுத்துவிட்டு ரெண்டு பேராகத் தூக்கி நகர்த்த வேண்டும்.

அந்த வட்டப் பூட்டு இருக்கிறதே, மினிஃபிக்ஸ் என்று நாங்கள் சொல்வது, அது கடித்துக்கொண்டதும் நிறுத்திவிட வேண்டும். அரைச் சுற்றுக்கு மேல் பலவந்தமாகத் திருப்பினால் பலகைதான் பிய்யும். பத்து நாள் படுத்த பிறகு ஒரு தடவை நாலு மூலையையும் இறுக்கிப் பார். அப்புறம் தலைமாட்டு மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கால்மாட்டு மூலைக்குக் குறுக்கே ஒரு கயிறு பிடித்துப் பார், அதே கயிற்றை மற்ற ரெண்டு மூலைக்கும் பிடி. ரெண்டும் ஒன்றாக வந்தால் கட்டில் கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம். புது வாசனை கொஞ்ச நாள் அடிக்கும். அந்தப் பசையில் ஃபார்மால்டிஹைடு உண்டு, கண் எரியும், ஜன்னலைத் திறந்து வைத்துப் படு. உள்ளறை மூடிகளையும் ஒரு வாரம் திறந்து போட்டுக் காற்றாட விடு, உடனே துணியை வைக்காதே.

"சேலையெல்லாம் இதுக்குள்ளயே வச்சிக்கிடுதேன்பா" என்றாய். எல்லாச் சேலையும் வந்துவிட்டதா பாப்பா? கூறைச் சேலையுமா? ஈரத்துக்காகத்தான் கேட்கிறேன். பட்டுச் சேலையை வெறுமனே வைக்காதே, பழைய வேட்டியில் சுற்றி வை.

கீழ்வீடு வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் கிடந்த கிடப்பை டிவியில் பார்த்தோமே, அந்த வேளச்சேரியில் கீழ்வீடு பிடித்திருக்கிறாய். அம்பத்தூரில் மூன்றாவது மாடியில் இருந்தவள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஐப்பசி பிறப்பதற்குள் அந்தக் கட்டிலைத் தரையிலிருந்து உயர்த்தியாக வேண்டும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடு, மறந்துவிடாதே.

ஜன்னல் பக்கத்துப் பலகை தலைகீழாக நிற்கிறது. பட்டை ஒட்டிய விளிம்பு கீழே போய், ஒட்டாத விளிம்பு மேலே வந்துவிட்டது. உமி உமியாகத் தெரிந்ததே, அதுதான். மூடிப்பலகை அந்தப் பக்கம் மட்டம் இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். அன்றைக்கு நான் கழற்றி மாட்டு என்றபோது நீ "இருக்கட்டும்பா, யாரு பார்க்கப் போறா" என்றாய்.

அந்த வார்த்தை நாலு நாளாக என் காதைவிட்டுப் போகவில்லை.

நீ போனைத் திருப்பியபோது கட்டில் முழுசாகத் தெரிந்தது. நாற்பது வருஷமாக அளவெடுத்த கண், எனக்கு டேப் வேண்டியதில்லை. ஆறுக்கு மூன்று. நான் உனக்குச் செய்து கொடுத்தது ஆறரைக்கு ஆறு. செங்கோட்டை மரக்கடையில் நானே தட்டிப் பார்த்து எடுத்த தேக்கு, ஒரு இரும்பு ஆணி கிடையாது, கட்டைக்குள் கட்டை சொருகி நிறுத்தியது. சாமானை லாரியில் ஏற்றிய அன்று தெருவே வந்து பார்த்தது. அது அங்கேயே இருக்கட்டும், அதைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டில் வேண்டும் என்றால் ஆசாரி மகள் அப்பனிடம் கேட்கக் கூடாதா? இந்த ஊரில் பாதிப் பேர் நான் செய்த கட்டிலில் படுக்கிறார்கள். என் பிள்ளை மட்டும் தாள் ஒட்டிய பலகையில் படுக்க வேண்டுமா?

இதை எழுதிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, எழுந்து வந்து எழுதுகிறேன். நீ ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

போன புரட்டாசியில் நீ வந்தாய். ரெண்டு நாளைக்கு வருகிறவள் கொண்டுவரும் பையாக அது இல்லை. உங்கம்மா வாசலிலேயே கண்டுகொண்டாள். நானும்தான் கண்டேன். கண்டுவிட்டுப் பட்டறைக்குப் போய் இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நீ பட்டறை வாசலில் வந்து நின்று, "வேலையா இருக்கீங்களாப்பா?" என்றாய். நான் இழைப்புளியை நிறுத்தாமல் "ஆமா" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாய். உன் நிழல் சீவல் மேல் விழுந்திருந்தது, அது நகர்ந்தது எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் தட்கல் டிக்கெட் எடுத்தது உங்கம்மா இல்லை, நான்தான். அவள் வேண்டாம் என்றாள். ஸ்லீப்பருக்கு 11 மணிக்குத்தான் திறப்பார்கள், நான் 9 மணிக்கே ஸ்டேஷனில் போய் வரிசையில் நின்றேன். எதற்கும் அவ்வளவு அவசரப்பட்டவன் இல்லை நான். தெருவில் நாலு பேர் கேட்பதற்குள் நீ கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்தேன், அதுதான் உண்மை. பொதிகையில் உன்னை ஏற்றிவிட்டு, "அனுசரிச்சுப் போம்மா" என்றேன். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் அதைச் சொன்னேன். நீ தலையாட்டினாய். பாப்பா, அப்பா செய்தது தப்பு.

வெள்ளிக்கிழமை ராத்திரி அதே பொதிகையில் வருகிறேன். சனிக்கிழமை காலையில் தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிடுவேன், நீ ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம். உன் கட்டிலுக்குச் செய்த தேக்கில் மிச்சம் கொஞ்சம் பட்டறைப் பரணில் இருந்தது. அதில் நாலு அங்குல உயரத்தில் எட்டுக் கட்டை அறுத்து எண்ணெய் தேய்த்து வைத்திருக்கிறேன். நாலு மூலைக்கு நாலு, நீளவாட்டில் பக்கத்துக்கு ஒன்று, நடுச்சட்டத்துக்கு ரெண்டு. கரையான் லேசில் வராது, கொஞ்சம் தண்ணீர் வந்தாலும் பலகை நனையாது. அந்தத் தலைகீழ்ப் பலகையை நீயாகக் கழற்றாதே. இந்தப் பலகையில் திருகாணியை ஒரு தடவை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பழைய பிடிப்பு இருக்காது, துளையில் மூங்கில் சிராயும் ஃபெவிகாலும் வைத்து அடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். அதை நான் வந்து செய்கிறேன்.

எனக்குத் தரையில் ஒரு பாய் போதும். நீயாகச் சொன்னால் கேட்பேன், சொல்லாவிட்டால் கட்டில் வேலையைப் பார்ப்பேன். திரும்பி வர ஒரு டிக்கெட் எடுக்கட்டுமா, ரெண்டு எடுக்கட்டுமா என்று மட்டும் சொல். நீ சொல்லாமல் எதுவும் எடுக்க மாட்டேன்.

அப்பா