பட்டர் ஃப்ரூட் எண்ணெய் எடுக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) எண்ணெய் எடுக்கும் மகளிர் குழுக்களின் அக்கா, தங்கைகளுக்கு வணக்கம்.

காப்பிக்கு நிழலுக்காக நின்ற மரத்தின் பழத்துக்கு இன்று தனி மதிப்பு வந்திருக்கிறது. சந்தையில் கழித்துவிடும் சின்னப் பழங்கள் உங்களிடம் எண்ணெயாகின்றன. சந்தோஷம்தான். ஆனால் பாட்டிலில் 'மரச்செக்கு எண்ணெய்' என்று ஒட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

செக்கு, எள், கடலை மாதிரி காய்ந்த வித்துகளுக்கானது. இந்தப் பழத்தின் சதையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். அப்படியே செக்கில் போட்டால் கூழ்தான் மிஞ்சும். அதனால் சதையைக் காயவைத்து ஆட்டுகிறீர்கள். இல்லையென்றால் அண்டாவில் கொதிக்கவைத்து, மிதப்பதை வழித்தெடுக்கிறீர்கள். காயவைப்பது இழுத்துக்கொண்டே போனால் காற்றும் வெயிலும் பட்டு எண்ணெயில் சிக்கு வாடை ஏறும். நம் மலை மூட்டத்தில் பூஞ்சை பிடிப்பது வேறு. கொதிக்கவைத்தாலோ பச்சை நிறம் மங்கி, பழ மணம் போய், வெந்த வாடை நிற்கும்.

ஆலிவுக்குச் செய்கிற முறைதான் இதற்கும் பொருந்தும். தோலையும் கொட்டையையும் நீக்கி, சதையைக் கூழாக்கி, சூடு 50 டிகிரியைத் தாண்டாமல் பொறுமையாகப் பிசைய வேண்டும். எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவரும். அப்புறம் சென்ட்ரிஃபியூஜ் என்கிற வேகமாகச் சுழலும் மெஷினில் சுழற்றினால் எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். ஹெக்சேன் என்கிற, எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ரசாயனத்தை ஊற்றி எடுத்தால் அளவு கூடும். ஆனால் அதைச் சுத்திகரிக்கும்போது நிறமும் மணமும் போய்விடும். அழகுசாதனக் கம்பெனிக்கு அது போதும், நமக்கு வேண்டாம்.

இதெல்லாம் பழம் சரியாக இருந்தால்தான். முற்றாத காயில் எண்ணெய் குறைவு. மரத்தில் இருக்கும்வரை இது கனியாது, பறித்த பிறகுதான் கனியும். கன்றிப்போன பழத்தில் நொதிகள் கொழுப்பை உடைக்க ஆரம்பிக்கும், அமிலம் ஏறும். மூட்டை கட்டி அடிவாரத்து வத்தலக்குண்டு வரை இறக்கி, நசுங்கிக் கருத்த பிறகு அரைத்தால் எந்த மெஷினும் அதைச் சரிசெய்யாது.

ஆகவே பிசைந்து சுழற்றும் மெஷின் மலையிலேயே இருக்கட்டும். தனித்தனியாக வாங்க முடியாது; நாலைந்து குழு சேர்ந்து தோட்டக்கலைத் துறையிடம் கேட்கலாம். அதுவரை 'கொதிக்கவைத்து எடுத்தது, தலைக்கும் சோப்புக்கும்' என்று உள்ளபடி எழுதி விற்கலாமே. எண்ணெயில் உள்ள பச்சையம் வெளிச்சம் பட்டால் அதைச் சீக்கிரம் கெடுக்கும். கண்ணாடி பாட்டில் அழகுதான், ஆனால் கறுப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் எண்ணெய் கெட்டிருக்கிறதா என்று காட்டும் அமில அளவையும் பெராக்சைடு அளவையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவதாக இருந்தால் நானும் வருகிறேன். என் தோட்டத்துப் பழத்தை இனி சாக்கில் கட்டாமல், கிரேட்டில் அடுக்கியே அனுப்புகிறேன்.